வாய் நலம் – 14: ஈறும் சேர்ந்து வீங்கினால்...

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு விடும் நேரம் மெடிக்கல் ஷாப்புகளில் கூட்டம் சேரும். "அண்ணா, பாப்பாவுக்கு வாயெல்லாம் புண்ணு, ஜுரம் வேற. பல்லு முளைக்குதுபோல, எச்சி ஒழுகிட்டே இருக்கு" என்று ஒரு தாய் சொன்னால், கைக்கு வருவது காய்ச்சல் சிரப்பும் பி காம்ப்ளெக்ஸும் வாயில் தடவ ஒரு ஜெல்லும்தான். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி குடும்பத்துக்கு அந்தக் கவுன்டர்தான் முதல் டாக்டர். ஆனால் அது ஹெர்ப்பிஸ் வைரஸால் வந்த புண் என்றால் முதல் மூன்று நாளை வீணாக்கக் கூடாது.

சென்ற வாரம் பார்த்த சாதாரண வாய்ப்புண் கன்னத்தின் உள்ளே, உதட்டின் உள்ளே, நாக்குக்கு அடியில் வரும். காய்ச்சல் இருக்காது. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் (முதல் வகை) வரும் புண் வேறு மாதிரி. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளையே அதிகம் பிடிக்கும். முதலில் காய்ச்சல். ஓரிரு நாளில் ஈறு முழுவதும் செக்கச்செவேலென வீங்கி, தொட்டால் ரத்தம் கசியும். நாக்கு, அண்ணம், உதடு எங்கும் குண்டூசித் தலையளவு கொப்புளங்கள் கிளம்பி உடைந்து புண்ணாகும். தாடைக்கடியில் நெறி கட்டும். பல் முளைப்பதால் எச்சில் ஒழுகலாம். ஆனால் அதனால் கடும் காய்ச்சலும் கொப்புளமும் வராது. உள்ளங்கை, பாதத்திலும் கொப்புளம் இருந்தால் அது கை-கால்-வாய் நோய். ஒரு பக்கம் மட்டும் வந்து நடுக்கோட்டில் நின்றுவிட்டால் அக்கி.

நல்ல வெளிச்சத்தில் வாயைப் பார்த்தாலே அனுபவமுள்ள பல் மருத்துவரோ குழந்தை மருத்துவரோ சொல்லிவிடுவார். எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும் சந்தேகமான நேரங்களிலும்தான் பரிசோதனை. கொப்புளத்தின் அடியைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஜாங்க் ஸ்மியர். பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்கள் அதில் தெரியும். ஆனால் ஹெர்ப்பிஸா, அக்கியா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்கு பிசிஆர் வேண்டும்.

மருந்து அசைக்ளோவிர். வைரஸ் புகுந்த செல்லில் மட்டுமே அது முழு வீச்சில் வேலை செய்யும். அதனால் மற்ற செல்களுக்குச் சேதம் குறைவு. அதை உருவாக்கிய ஆய்வில் பெரும்பங்கு வகித்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. 1997இல் இஸ்ரேலில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மூன்று நாளுக்குள் இதைத் தொடங்கியவர்களுக்குப் புண் ஆற 4 நாள் ஆனது. இந்த மருந்து பெறாதவர்களுக்கு 10 நாள். குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. கடையில் தந்த ஜெல்லில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று கூடும்; மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் இருந்தால் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. ஆஸ்பிரினும் கூடாது.

புண்ணைவிடப் பெரிய பயம் நீர்ச்சத்து குறைவதுதான். வலிக்குப் பயந்து குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காது. ஆறிய கஞ்சி, மோர், இளநீர் என ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால் ஷிப்டு முடியும்வரை காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஓடுங்கள். டிரிப் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

புண் ஆறினாலும் வைரஸ் போகாது. முகத்து நரம்பின் முடிச்சில் பதுங்கியிருந்து, வெயிலிலோ காய்ச்சலிலோ அலுப்பிலோ உதட்டோரம் கொப்புளமாகத் தலைகாட்டும். "ராத்திரி பூச்சி கடிச்சிடுச்சு" என்று நாம் விட்டுவிடுவது பல நேரம் இதுதான். அந்த உதட்டோடு பச்சைக் குழந்தையை முத்தமிடாதீர்கள். அதன் உயிருக்கே ஆபத்தாகலாம். டம்ளர், ஸ்பூன், துண்டு தனியாக இருக்கட்டும். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழியிலும் புண் வரலாம்.

காய்ச்சலோடு ஈறும் வீங்கியிருந்தால் மெடிக்கலில் நிற்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

(அடுத்த வாரம்: மாவா, ஹான்ஸ் போடுபவர்களுக்கு வாய் திறக்க முடியாமல் போவது ஏன்?)