முதுமக்கள் தாழியும் மரபணு வாசிப்பும்

தண்பொருநை எனும் தாமிரபரணி கடலை நாடிச் செல்லும் வழியில், வாழைத் தோட்டங்களுக்கும் பனைகளுக்கும் நடுவே இன்று ஒரு சிற்றூராகக் காட்சி தருவது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறையாகவும், கிரேக்க மாலுமிகள் அறிந்த பட்டினமாகவும் திகழ்ந்த அவ்வூரினின்று கடல் சில கல் தொலைவு விலகிப் போயிற்று. ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்ததால் வணிகம் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் இடம் பெயர்ந்தது. 1968–69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு, கி.மு. 785 என்னும் காலத்தைச் சுட்டியது. அதே ஆற்றின் மேற்பகுதியில் ஆதிச்சநல்லூர் இடுகாடும், அருகே சிவகளையும் உள்ளன. சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு சான்றுகள் கிடைத்த பின்னும் ஒரு வினா நம்மை விட்டு அகலவில்லை. தாழிகளுள் துயிலும் அம்மக்கள் யாவர்?

இவ்வினாவுக்கு விடை காண முதலில் கைக்கொண்ட கருவி அளவுகோல். ஆதிச்சநல்லூரில் 1876இல் செர்மானியரான யாகோர் தோண்டிப் பொருள்களைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் திரட்டிய மண்டையோடுகளைச் சூக்கர்மன் ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. மண்டையோட்டின் நீள அகலங்களை அளந்து, இன்னார் இன்ன இனத்தார் எனப் பெயர் சூட்டுதல் அக்கால வழக்கம். உண்ட உணவும் வளர்ந்த சூழலும் எலும்பின் வடிவை மாற்றக்கூடும் என்பதும், விரல்விட்டு எண்ணத்தக்க ஓடுகளைக் கொண்டு ஒரு மக்கட் கூட்டத்தை வரையறுக்க இயலாது என்பதும் பின்னரே உறைத்தன. அந்த இனப்பெயர்கள் மேடைப் பேச்சுகளில் இன்னும் வாழ்கின்றன. ஆய்வுலகில் அவற்றுக்கு மதிப்பு குன்றிவிட்டது.

இன்று கைக்கு வந்திருக்கும் கருவி வேறு. நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் ஆனது அது. தாய்வழி ஒரு படியும் தந்தைவழி ஒரு படியுமாக நாம் பெறுகின்றோம். ஒரு படியின் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இவ்வெழுத்துகளின் வரிசையை அறியும் முறையொன்றைப் பிரடெரிக் சாங்கர் 1977இல் வகுத்தளித்தார். அம்முறையைக் கொண்டே மனித மரபுத்தொகுதித் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் நிறைவெய்தியது. பல நாட்டு ஆய்வகங்கள் கூடி உழைத்தும் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2005க்குப் பின் வந்த புதுத் தலைமுறைப் பொறிகள் அப்பணியைச் சில நாள்களில் முடிக்கின்றன.

இம்மாற்றத்தைத் தமிழ் மாணவர்க்கு விளக்க ஏட்டுச்சுவடியே போதும். சாங்கர் முறை, ஓர் ஏட்டை எடுத்து வரிவரியாக வாசித்து முடித்தபின் அடுத்த ஏட்டை எடுக்கும் புலவரைப் போன்றது. புதிய முறையோ, பல படிகளைக் கிழித்துக் கோடிக்கணக்கான துணுக்குகளாக்கி, கண்ணாடித் தகடொன்றில் பரப்பி, அத்தனையையும் ஒரே நேரத்தில் வாசிக்கின்றது. ஒரு துணுக்கில் வாசிக்கப்படுவது நூறு அல்லது நூற்றைம்பது எழுத்தே. முன்பே அச்சேறிய பதிப்பொன்றை அருகில் வைத்துக்கொண்டு, இத்துணுக்கு இன்ன பக்கத்தைச் சார்ந்தது எனக் கணிப்பொறி பொருத்திக் காட்டுகின்றது. துணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடங்களில் பாடவேறுபாடும் பிழையும் புலப்படுகின்றன. பதிப்பாசிரியர் பல படிகளை ஒப்பிட்டு உண்மைப் பாடத்தைத் துணிவது போன்ற செயலே இது.

துணுக்கு சிறிதாயிருத்தல் உயிரோடிருப்பவரின் மரபுத்தொகுதியை வாசிக்கும்போது ஒரு குறை. ஒரே தொடர் பலமுறை திரும்பி வரும் பகுதிகளைச் சிறு துணுக்குகளால் பொருத்த முடியாது. நீண்ட இழையை வாசிக்கும் வேறு பொறிகள் வந்த பின்னரே, 2022இல், விடுபட்ட அப்பகுதிகளும் நிரப்பப்பட்டன. ஆயின், பழைய எலும்புக்கு இக்குறையே நிறையாயிற்று. இறந்தாரின் டி.என்.ஏ. செல்லரித்த ஏடு போல் ஐம்பது, அறுபது எழுத்துத் துண்டுகளாக நொறுங்கிக் கிடக்கும். நீண்ட வரியை எதிர்பார்த்த பழைய முறை அதன்முன் பெரிதும் தடுமாறியது. புதிய பொறிக்கோ அத்துண்டே போதும்.

காலம் இட்ட முத்திரையும் அத்துண்டுகளில் உண்டு. பழந்துண்டின் ஓரங்களில் சி என்னும் எழுத்துச் சிதைந்து டி போல் வாசிக்கப்படும். அகழ்ந்தவரின் வியர்வையாலோ எச்சிலாலோ புகுந்த புதிய டி.என்.ஏ.வில் இச்சிதைவு இராது. இடைச்செருகலை இவ்வாறு கண்டறிகின்றனர். இம்முறைகளைச் செப்பம் செய்து, 2010இல் நியாண்டர்தால் மனிதரின் மரபுத்தொகுதியை வெளியிட்டவர் சுவாந்தே பேபோ. அவருக்கு 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனித் தாமிரபரணிக்கு வருவோம். இங்கு முதற்பகை வெப்பம். அடுத்த பகை ஈரம். குளிர்நாட்டில் பல்லாயிரம் ஆண்டு நிலைக்கும் இழை, நம் வெயிலிலும் மழையிலும் விரைந்து அழிகின்றது. அரியானா மாநிலத்து ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளை ஆராய்ந்ததில், ஒரே ஒரு பெண்ணின் மரபுத்தொகுதியே வாசிக்கத்தக்க அளவில் கிட்டியது. அதற்கும் நூற்றுக்கு மேற்பட்ட முறை துணுக்குகளைப் பிரித்தெடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அக்கட்டுரை வெளிவந்தது 2019இல். தென்னாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் கீழடியை அடுத்த கொந்தகைத் தாழி எலும்புகளில் இம்முயற்சியை மேற்கொண்டுள்ளனர்.

வாசிப்புக் கைகூடின் எதனை வினவலாம்? தாய்மொழி யாது, குலம் யாது என வினவுவோர் ஏமாறுவர். நான்கு எழுத்துகளில் மொழியும் இல்லை, சமயமும் இல்லை, சாதிப் பெயரும் இல்லை. இங்குள்ள ஒவ்வொரு சமூகமும் 'நாங்களே தாழியிலிருப்போரின் நேர் வாரிசு' என்று உரிமை கொண்டாட முற்பட்டால், பொறி அதற்குச் சான்றிதழ் வழங்காது. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும் ஆர்வர்டு ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட கட்டுரை, இந்திய மக்களின் இருபெரும் முன்னோர் மரபுகள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாகக் கலந்தன எனக் கணித்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் பலவற்றின் காலம் இவ்விடைவெளியிலேயே விழுகின்றது. அத்தாழிகள் பேசுமாயின் கலப்பைப் பற்றியே மிகுதியும் பேசக்கூடும் என்பது என் கருத்து. கப்பல்கள் வந்துபோன துறையின் அண்டை ஊரார் வேறெவ்வாறு இருந்திருப்பர்?

வினவத்தக்கவை வேறு உண்டு; அவை இவற்றினும் சுவையானவை. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்தாள் ஒருத்தி தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகின்றாள். ஒரு தாழியில் இருவர் எலும்பு கிடைத்தால், அவர் கணவன் மனைவியரா, உடன்பிறந்தாரா, தாயும் மகவுமா? அடுத்தடுத்த தாழியினர் உறவினரா? இவற்றுக்கு மரபணு ஓரளவு தெளிவாக விடையளிக்கும். இங்கிலாந்தின் ஏசல்டன் என்னுமிடத்துப் புதிய கற்காலக் கல்லறையில் ஆராய்ந்த 35 பேருள் 27 பேர் ஐந்து தலைமுறையாகத் தொடர்ந்த ஒரே குடும்பத்தார் என்பது 2021இல் தெரியவந்தது.

நெருங்கிய உறவில் மணந்தவரின் பிள்ளைகட்கு, தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் நீண்ட பகுதிகளில் ஒன்றாகவே இருக்கும். ஏஜியன் கடற்பகுதியின் வெண்கலக் கால மக்களிடையே இத்தகைய மணம் மிகுந்திருந்ததை 2023இல் வெளிவந்த ஆய்வு இவ்வழியே காட்டிற்று. நம் நாட்டு முறைப்பெண் வழக்கம் எத்துணைப் பழைமையானது என்னும் வினாவுக்கும் இங்கு ஒரு திறவுகோல் கிட்டக்கூடும். உறவு நெருங்கியது என்று மட்டுமே அது சொல்லும்; மாமன் மகளா, சிற்றப்பன் மகளா என எளிதில் பிரித்துரைக்காது.

இதற்கெல்லாம் விலை ஒன்றுண்டு. டி.என்.ஏ. நன்கு தங்குவது, உட்செவியைச் சூழ்ந்துள்ள பாறை போன்ற கடினமான எலும்பில். அதனைத் துளைத்து ஒரு சிட்டிகைப் பொடி எடுத்தாக வேண்டும். எடுத்த இடம் மீளாது. வெறுங்கையால் தொட்டு, நீரால் கழுவி, வெயிலில் உலர்த்திய எலும்பில் பயன் சிறிதே. தாழி திறக்கும் நாளிலேயே கையுறையும் முகமூடியும் அணிந்தவர் குழிக்குள் இருத்தல் வேண்டும். மண்டையோட்டில் அச்செவியெலும்பு வலம் ஒன்றும் இடம் ஒன்றுமாக இரண்டே உண்டு. ஒன்றைத் துளைத்தால் மற்றதைத் தொடாது பொதிந்து வைத்தல் நலம். 1930இல் அளவுகோல் பிடித்தவர் இன்றைய பொறியைக் கனவிலும் கண்டாரில்லை.