விரல்நுனியில் வாழும் அடையாளம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் விரிந்த குளமும் அவ்வூருக்கு அடையாளம். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் ஓய்வூதியம் பெறும் மூத்தோர் கணிசமாக வாழ்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் பிறந்ததும் அவர்களை வங்கிக் கிளைகளில் காணலாம். தாம் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றிதழை அளிப்பதற்காக அவர்கள் வருகிறார்கள்.

2014ஆம் ஆண்டு நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணு வாழ்நாள் சான்று அறிமுகமானது முதல், பலருக்கு இந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கருவியில் விரலை வைத்தால் போதும். ஆனால் சிலருடைய விரலைக் கருவி ஏற்க மறுக்கிறது. அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஐந்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், ஒன்றும் பதியவில்லை. “நாற்பது வருஷம் சாக்குக்கட்டி பிடிச்ச கை சார், ரேகையெல்லாம் அதோடயே போயிடுச்சு போலிருக்கு” என்று சிரித்தபடி சொன்னார். சிரிப்புக்குப் பின்னால் கவலையும் இருந்தது. சான்று பதியாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடுமே என்ற கவலை அது. முக அடையாளத்தின் வழியே அவருடைய சான்று அன்றே பதிவாயிற்று.

கைகளையும் நகங்களையும் பேணுவது அழகு நிலையத்துக்கு மட்டுமே உரிய செய்தி என்று நாம் எண்ணிவிடுகிறோம். ‘மேனிக்யூர்’ என்னும் சொல்லே கை, பராமரிப்பு என்ற பொருள் தரும் இரண்டு இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. அதில் அலங்காரத்தைவிடப் பராமரிப்பே முதன்மையானது. வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் வீட்டிலேயே அதைச் செய்துகொள்ளலாம்.

விரலும் ஒப்பந்தமும்

விரல் அடையாளத்துக்கும் பணத்துக்கும் உள்ள உறவு நம் நாட்டில் பழையது. 1858ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலை அமைக்கப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் கைப்பதிவைப் பெற்றார். ஒப்பந்தக்காரர் பிற்பாடு மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். 1897இல் கொல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களின் உழைப்பு, கைரேகைகளை வகைப்படுத்தும் முறைக்குத் துணைநின்றது.

தாயின் கருவிலேயே உருவாகிவிடும் ரேகை அமைப்பு வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. எனினும் மேல்தோல் தேயலாம், வறளலாம், வெடிக்கலாம். வயது ஏற ஏறத் தோலின் நெகிழ்ச்சி குறைகிறது. சலவைத்தூள், சுண்ணாம்பு, சிமெண்ட் ஆகியவற்றில் புழங்கும் கைகள் விரைவில் தேய்கின்றன. கொல்லத்தின் முந்திரித் தொழிலாளர்களின் விரல்களை அறிந்தோருக்கு இது புதிதன்று. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரித்துவிடும்.

வீட்டிலேயே அரை மணி நேரம்

நகவெட்டி, நக அரம், வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி, தேங்காய் எண்ணெய். தேவையானவை இவ்வளவே. கேரளத்து வீட்டில் கடைசிப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் பழைய நகப்பூச்சை அகற்றுங்கள். அசிட்டோன் இல்லாத நீக்கி நகத்தை அவ்வளவாக வறட்டாது. குளித்த பின் நகம் மென்மையாக இருக்கும். வெட்டுவதற்கு அதுவே ஏற்ற நேரம். நேராக வெட்டி, ஓரங்களைச் சற்றே வளைத்துவிடுங்கள். நகக்கண்ணுக்குள் ஆழமாக வெட்டவேண்டாம். நகம் நன்கு உலர்ந்த பின் அரத்தை ஒரே திசையில் இழையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் நகம் பிளவுபடும்.

பிறகு ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் விரல்களை ஊறவிட்டுத் துடையுங்கள். நகத்தின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைச் சிலர் கத்தரித்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கிருமிகள் உள்ளே புகாமல் காக்கும் முத்திரை அதுதான். அது அறுபட்டால் நகச்சுற்றுக்கு வழி பிறக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நகச்சுற்று வந்து சீழ் கோத்தால் எலுமிச்சம்பழத்தை விரலில் செருகிக்கொண்டு காத்திராமல் மருத்துவரை அணுகுவதே நல்லது.

இறுதியாகச் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயை நகத்தைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் தடவி இதமாகப் பிடித்துவிடுங்கள். இரவில் தடவிக்கொண்டு பருத்திக் கையுறை அணிந்து உறங்கினால் வறண்ட கை விரைவில் மிருதுவாகும். பாத்திரம் துலக்கும்போது ரப்பர் கையுறை அணிவது அதைவிடச் சிறந்த முதலீடு.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வளர்ந்துவர ஆறு மாதம்வரை ஆகலாம். தொடர்வைப்புக் கணக்கைப் போலவே இங்கும் பொறுமைதான் பலன் தரும்.

மருதாணியும் மறக்கக் கூடாதவையும்

தமிழில் மருதாணி, மலையாளத்தில் மைலாஞ்சி. இலையை அரைத்து இடும் வழக்கம் இரு மொழி வீடுகளிலும் உண்டு. ஆனால் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படும் கலவைகளில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும். அது தோலில் கொப்புளங்களை உண்டாக்கும். வங்கித் தேர்வு எழுதும் இளைஞர்களின் கைரேகை தேர்வு மையத்தில் பதியப்படுகிறது. விரலில் மருதாணியோ மையோ இருந்தால் நன்கு கழுவிவிட்டு வருமாறு அழைப்புக் கடிதமே அறிவுறுத்துகிறது. ஆதலால் தேர்வுக்கும் வாழ்நாள் சான்றுக்கும் முந்தைய நாட்களில் விரல்நுனிகளை விட்டுவிட்டு உள்ளங்கையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நகங்கள் உடல்நலத்தையும் பேசுகின்றன. நகம் வெளிறிக் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். புதிதாகத் தோன்றி அகலமாகிவரும் கருங்கோட்டை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். அடர்ந்த நகப்பூச்சு, விரலில் மாட்டி உயிர்வளியின் அளவைக் காட்டும் கருவியைக் குழப்பக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

விரல் பதியாவிட்டால்

கையைச் சோப்பினால் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். எண்ணெய்ப் பசையும் கூடாது, மிகுந்த வறட்சியும் கூடாது. அப்படியும் பதியாவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. கருவிழிப் பதிவு உண்டு. 2021 முதல் முக அடையாள வசதியும் உண்டு. கிளைக்கு நேரில் வந்து காகிதப் படிவத்திலும் சான்று அளிக்கலாம். மத்திய அரசின் ஓய்வூதியர்களில் 80 வயது நிறைந்தோர் அக்டோபர் 1 முதலே சான்று தரலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீடு தேடிச் சேவை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கையெழுத்திட இயலாத முதியோர் கட்டைவிரல் பதிவால் பணம் எடுக்கலாம். அதுவும் முடியாதபோது கால் பெருவிரல் பதிவையும் ஏற்க விதி இருக்கிறது. வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மூத்தோர் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அருகில் அமர்ந்து நகம் வெட்டிவிடுங்கள். கண்பார்வை மங்கியவர்களுக்கு அது பேருதவி. அப்போதே விரல்நுனி வெடித்திருக்கிறதா என்றும் பார்த்து எண்ணெய் தடவிவிடுங்கள். நவம்பர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.