காற்றில் இருக்கும் வெந்நீர்

சென்னையில் வீட்டைச் சூடுபடுத்தவேண்டிய அவசியம் ஒருவருக்கும் நேர்ந்ததில்லை. ஜனவரி மாதத்துப் பின்னிரவில்கூட வெப்பமானி பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற ஊர் இது. ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், மூட்டுவலியால் அவதிப்படும் பெரியவர்கள் இருக்கும் வீட்டிலும், சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விடாத வீட்டிலும், மார்கழியில் விடியுமுன்னே நீராடிக் கபாலீசுவரர் சந்நிதிக்குப் புறப்படுகிற மயிலாப்பூர் வீட்டிலும் வெந்நீர் இன்றியமையாதது. முன்பு பின்கட்டில் இருந்த செப்புத் தவலையும், நடுக்குழாயில் கரி போட்டு எரிக்கும் பாய்லரும் அந்தக் காரியத்தைச் செய்துவந்தன. பின்கட்டு மறைந்து அடுக்குமாடிகள் எழுந்த பிறகு, குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் அதை ஏற்றுக்கொண்டது.

கீசர் மிகவும் எளிமையான யந்திரம். ஆனால் வாங்கிய ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் உஷ்ணத்துக்குமேல் அதனால் தர முடியாது. 25 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் ஜலத்தை 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்றரை யூனிட் செலவாகும். நாள் தவறாமல் இப்படிக் காய்ச்சுகிற குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் 210 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் சர்க்கார் தரும் 100 இலவச யூனிட்டுகளைப்போல இரு மடங்கை இந்த ஒரு சாதனமே விழுங்கிவிடுகிறது.

இதே வெந்நீரைச் சுமார் ஒரு யூனிட்டில் தரக்கூடிய யந்திரம் ஒன்று உண்டு. அதுதான் ஹீட் பம்ப். அதன் தத்துவத்தை 1852-லேயே கெல்வின் பிரபு எடுத்துரைத்தார். 1938-ல் சூரிச் நகரமன்றக் கட்டடத்தை, அருகே ஓடும் லிம்மாத் நதியின் உஷ்ணத்தை இறைத்தே சூடாக்கினார்கள். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் நடப்பதுதான் இதிலும் நடக்கிறது. எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் வெளிக்காற்றிலுள்ள உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரெஸர் அந்த ஆவியை நெருக்கி இன்னும் சூடேற்ற, அது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய குழாய்களில் தன் உஷ்ணத்தை இறக்கிவிட்டு மறுபடியும் திரவமாகிறது. மின்சாரம் இங்கே சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டை இடம் மாற்றுகிறது; ஆகையால் ஒரு யூனிட் செலவில் மூன்று நான்கு யூனிட் உஷ்ணம் கைக்கு வருகிறது.

வெளிக்காற்று குளிரக் குளிர இந்த யந்திரத்தின் திறமை குன்றும். அப்படியிருந்தும், பனி கொட்டும் இங்கிலாந்தில் 2014 முதல் 2022 மார்ச் வரை, ஹீட் பம்ப் பொருத்திப் புதிதாகச் சேர்ந்த வீட்டுக்காரர்களுக்கு ஏழு ஆண்டுக் காலம் பணம் அளிக்கும் திட்டமொன்று நடந்தது. அதன்பின் வந்த திட்டத்தில் ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு முதலில் 5,000 பவுண்டும், 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டும் அரசாங்கமே கொடுக்கிறது. வருஷம் முழுவதும் வெதுவெதுப்பான காற்று வீசும் நம் ஊரோ இதற்கென்றே அமைந்தது போன்றது. உஷ்ணத்தைப் பறிகொடுத்துவிட்டு யந்திரத்திலிருந்து வெளிவரும் குளிர்ந்த காற்று இங்கிலாந்தில் தொல்லை. சித்திரை வெயிலில் வாடும் நமக்கு அதுவும் ஒரு லாபம்.

நம் நாட்டில் சகாயம் இல்லாமலில்லை. 2010-ல் தொடங்கிய தேசிய சூரியசக்தி இயக்கத்தின் கீழ்ச் சூரிய வெந்நீர்ச் சாதனங்களுக்கு 30 சதவீத மானியம் கிடைத்துவந்தது. 2014-ல் அது நின்றுபோயிற்று. பெங்களூரில் அச்சாதனம் வைத்தவர்களுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 காசு தள்ளுபடி கொடுத்துப் பழக்கத்தை வளர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், கூரையில் சோலார் பலகை அமைக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருகிறது. மிகவும் போற்றத்தக்க உதவி. ஆனால் அது மின்சாரம் உண்டாக்குவதற்கான உதவி. ஒரு பங்கு மின்சாரத்தால் மூன்று பங்கு வேலை வாங்கும் யந்திரத்துக்கு அதில் இடமில்லை. கீசரைக்காட்டிலும் பல மடங்கு விலையுள்ள அந்த யந்திரத்தை, வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பஸ்தர் எப்படி வாங்குவார்?

மேலும், தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பெரும்பாலோர் வசிப்பது அடுக்குமாடிகளில். மொட்டைமாடி ஒருவருடையதன்று, எல்லோருடையது. இந்த இடத்தில்தான் அந்தச் சூரிய வீடு திட்டத்தின் ஒரு பிரிவு, அதிகம் பேசப்படாதது, எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. குடியிருப்போர் சங்கங்கள் பொதுத்தேவைக்கு அமைக்கும் சோலார் பலகைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். அது நான்கு வீடுகளின் ஹீட் பம்ப் வெந்நீருக்குப் போதும். ஆக, பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடத்துக்கு 3 கிலோவாட், அதாவது சுமார் 300 சதுர அடி மாடி, போதுமானது. வெயிலும் காற்றின் சூடும் உச்சத்திலிருக்கும் நண்பகலிலேயே பொது யந்திரத்தை ஓட்டி, உஷ்ணம் கசியாத உறையிட்ட தொட்டியில் வெந்நீரைச் சேர்த்துவைத்தால் மறுநாள் விடியற்காலைக் குளியலுக்கு ஆகிவிடும்.

சங்கடங்களும் உண்டு. போர்வெல் உப்புத் தண்ணீர் குழாயில் படிவு கட்டும்; பெசன்ட் நகர்க் கடற்காற்று ஏசி யந்திரத்தின் தகடுகளை அரிப்பதுபோல் இதன் தகடுகளையும் அரிக்கும்; பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் இன்னும் சிலர்தாம். இவையெல்லாம் பராமரிப்பாலும் பயிற்சியாலும் தீரக்கூடியவை. இதற்கிடையே வீணாகும் சூட்டைப் பாருங்கள்: பாண்டி பஜார்ச் சந்துகளில் நடக்கிறவர்களின் முகத்தில் கடைகளின் ஏசி யந்திரங்கள் அனல்காற்றைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. சற்று மேலே நான்காவது மாடியில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார். ஏசி தள்ளும் சூட்டைக்கொண்டே வெந்நீர் காய்ச்சும் ஏற்பாடு பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் இருக்கிறது. அதுபோன்ற சௌகரியத்தைச் சாமானியக் குடியிருப்புகளுக்கும் கொண்டுவர, சங்கங்களுக்கான அந்த 18,000 ரூபாயோடு பொது ஹீட் பம்ப்பின் விலையிலும் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 2014-ல் நிறுத்திய அந்த 30 சதவீதத்தையே இதற்குத் திரும்பக் கொடுத்தாலும் போதும்.