சிலுவை இல்லாத நினைவுச் சின்னம்
போரில் மாண்டவர்களுக்கு எந்த மத முறைப்படி அஞ்சலி?

லண்டன் நகரில் "ஒயிட் ஹால்" என்ற பெரிய வீதி இருக்கிறது. அதன் நடுவே உயரமான கல் தூண் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் "செனடாப்". "வெற்றுக் கல்லறை" என்று பொருள். உள்ளே யாருடைய உடலும் இல்லை.

அந்தத் தூணில் சிலுவையும் இல்லை!

கிறிஸ்தவ மன்னர் ஆண்ட நாடு. அப்படியிருந்தும் ஏன் சிலுவை வைக்கவில்லை?

முதல் உலகப்போரில் கிறிஸ்தவர்கள் மட்டுமா இறந்தார்கள்? இந்தியாவில் இருந்து மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் ஆகியோர் அவர்களில் இருந்தனர். யூதர்களும் போரிட்டு மாண்டனர். ஆகவே, எல்லோருக்கும் பொதுவான சின்னமாக அது அமைந்தது.

அதை அமைத்தவர் லட்யன்ஸ். டெல்லியில் ஜனாதிபதி மாளிகையைக் கட்டிய அதே நிபுணர்தான். 1920-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி மன்னர் 5-ம் ஜார்ஜ் அதைத் திறந்து வைத்தார்.

தாயின் வேண்டுகோள்

போர்க்களக் கல்லறைகளிலும் இதே கேள்வி எழுந்தது. அதிகாரி என்றும், சிப்பாய் என்றும் வேற்றுமை கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவுள்ள கல் என்று கல்லறைக் கமிஷன் முடிவு செய்தது.

"எங்களுக்குச் சிலுவை வேண்டும்" என்று பல குடும்பத்தினர் கேட்டனர். 1919-ம் ஆண்டில் 8 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தனர். அதற்கு முன் நின்றவர் பிளாரன்ஸ் சிசில் சீமாட்டி. அவர் மூன்று மகன்களைப் போரில் பறிகொடுத்த தாய்!

அந்தத் தாயின் துயரத்தை யாரால் மறுக்க முடியும்? ஆனால் சிலுவையை வணங்காத வீரனுக்கும் தாய் உண்டே!

1920-ம் ஆண்டு மே மாதம் பார்லிமெண்டில் இதுபற்றி விவாதம் நடந்தது. கமிஷனின் திட்டமே நிலைத்தது. கல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கல்லிலே அவரவர் மதச் சின்னத்தைச் செதுக்கலாம். சின்னமே வேண்டாம் என்றாலும் சரி. பெரிய மயானங்களில் பொதுவான நினைவுக் கல்லோடு பெரிய சிலுவையும் நிறுத்தப்பட்டது. சென்னை நந்தம்பாக்கம் போர் மயானத்திலும் அத்தகைய சிலுவையைக் காணலாம்.

சிதைக்குத் தீ, கல்லறைக்கு மண்

பிரைட்டன் நகர ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ம் ஆண்டு "சத்திரி" என்ற வெண்சலவைக்கல் மண்டபம் எழும்பியது. முஸ்லிம் வீரர்களுக்கு வோக்கிங் மசூதிக்கு அருகே தனி மயானம் அமைத்தார்கள்.

இன்று நடப்பது என்ன?

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு, செனடாப் முன் இரண்டு நிமிடம் மவுனம். பிறகு லண்டன் பிஷப் ஜெபம் நடத்துகிறார். இந்து, முஸ்லிம், சீக்கிய, யூத, புத்த மதப் பிரதிநிதிகளும் வந்து நிற்கிறார்கள். 2018-ம் ஆண்டில் மத நம்பிக்கை இல்லாதவர்களின் பிரதிநிதிக்கும் இடம் கிடைத்தது.

"எல்லோருக்கும் பொதுவான விழாவில் ஒரு மதத்தின் ஜெபம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். "அது நாட்டின் பழைய வழக்கம், துக்கத்தில் ஆறுதல் தருவது" என்கிறார்கள் மற்றவர்கள்.

வாதம் ஓயவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிட மவுனத்துக்கு மட்டும் மதம் கிடையாது. மகனை இழந்த எந்தத் தாயும் அதிலே தன் கடவுளை அழைக்கலாம். கண்ணீர் மட்டும் விடலாம்!