முதல் கிழமையில் குறையும் நிறை

லண்டன் வந்தபின் நிறை கூடிவிட்டதென்று சோற்றையும் பாணையும் ஒரேயடியாக நிறுத்துபவர்கள் கனபேர். முதல் கிழமையிலேயே 2 கிலோ குறையலாம். சந்தோசம்தான், ஆனால் போனதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர்.

ஏன் அப்படி? சாப்பிடும் மாச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. எல்லாமாக ஏறக்குறைய அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்தால் உடம்பு முதலில் இதைத்தான் எடுக்கும். தண்ணீர் சலமாகப் போய்விடும். திரும்பச் சோறு சாப்பிட அந்த நிறையும் திரும்பிவிடும். ஆகவே அடுத்த கிழமைகளில் மெதுவாகக் குறைந்தால் மனம் விடாதீர்கள். கிழமைக்கு அரை முதல் 1 கிலோ குறைந்தால் போதும்.

இரண்டு விசயம் கவனம்:

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது கிளிக்ளசைட் எடுப்பவர்கள் ஜி.பி.யைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

டயட் எதுவும் செய்யாமலே நிறை குறைகிறதா? அதோடு கடும் தாகம், அடிக்கடி சலம் போவது, அல்லது 3 கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் தாமதிக்காமல் ஜி.பி.யிடம் போங்கள். நீரிழிவாகவோ காசநோயாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. தஞ்ச வழக்கு முடியாவிட்டாலும் ஜி.பி.யைப் பார்க்கக் காசு இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் காசு இல்லை.