மைக் இல்லாத குரல்: சோப்ரானோ பாட்ரிஷியா ரொசாரியோவும் நம் பிள்ளைகளும்

கோலார் தங்கவயல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது தங்கமும் சயனைடு மண்மேடும்தான். ஆனால் மாரிகுப்பத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இன்னொன்றும் நினைவு வரும். அது பாட்டு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோர், தெருக்கூத்தையும் பஜனையையும் கீர்த்தனையையும் மூட்டையோடு கட்டிக்கொண்டே வந்தார்கள். இங்கே கோயில் திருவிழாவுக்கு ஒரு பாட்டு, மாதா கோயிலுக்கு ஒரு பாட்டு, சங்கக் கூட்டத்துக்கு ஒரு பாட்டு என்று லைனுக்கு லைன் குரல்கள் இருந்தன. வெள்ளைக்காரத் துரைமார்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இருந்ததால் மேல்நாட்டு இசையும் நம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நான் பல வருடம் தேவாலயப் பாடகர் குழுவில் பாஸ் குரலில் பாடியவன். மேல் குரலில் பாடும் பெண்பிள்ளைகளை 'சோப்ரானோ' என்று சொல்வோம். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஓர் இந்தியப் பெண் எதுவரை போக முடியும் என்பதை நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோப்ரானோ என்பது என்ன?

மேல்நாட்டுச் சேர்ந்திசையில் குரல்கள் நான்கு. பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பாஸ். நம்ம கட்டைக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். கர்நாடக இசை பாடும் பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுகிறார்கள். அப்படிப் பாடும்போது மேல் ஸட்ஜத்தில் குரல்நாண்கள் நொடிக்கு 392 முறை அதிர்கின்றன. மேல் பஞ்சமம் 587. பெரும்பாலான கச்சேரிகளில் குரல் அதற்கு மேல் அதிகம் போவதில்லை.

சோப்ரானோ பாடகியோ ஏறக்குறைய 262-ல் தொடங்கி 1047 வரை போகிறார். அதாவது நம் பாடகி நிறுத்தும் இடத்துக்கு மேல் இன்னும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி ஏறுகிறார். நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் குரல்நாண்கள் அதிர வேண்டும். அதையும் கழுத்து நரம்பு புடைக்காமல், முகம் கோணாமல் செய்ய வேண்டும்.

"என்னய்யா இது, ஒரே கத்தலா இருக்கு, ஒரு வார்த்தையும் புரியலையே" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. வார்த்தை புரியாததற்குக் காரணம் இருக்கிறது. ஆ, இ, ஊ என்ற உயிரொலிகளை நம் காது பிரித்தறிவது, வாய்க்குள் எழும் ஒத்ததிர்வுகளைக் கொண்டுதான். சுருதி அந்த அதிர்வுகளையும் தாண்டி ஏறிவிட்டால் எல்லா உயிரும் கிட்டத்தட்ட 'ஆ'காரமாகவே கேட்கும். ஆகவேதான் உச்சத்தில் பாடகி வாயை அகலத் திறக்கிறார். அது பாவனை இல்லை, குரலுக்கு வழிவிடும் முறை.

இன்னொரு விஷயம், அங்கே மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களுக்கு எதிரே ஒற்றைக் குரல் நின்று, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். மூச்சை அடிவயிற்றிலிருந்து தாங்கிப் பிடிப்பது, தொண்டையை இறுக்காமல் இருப்பது, தலையிலும் முகத்திலும் ஒலியை நிரப்புவது என்று பல வருடப் பயிற்சி அதற்குத் தேவை.

மைக் இல்லாத குரல் நமக்கும் புதிதல்ல. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் நாடக மேடையில் உச்சஸ்தாயியில் பாடிப் பேர் வாங்கியது ஒலிபெருக்கி பரவாத காலத்தில்தான். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் நாடகம். தேவை ஒன்றுதான், அதற்கு இரண்டு நாடுகள் கண்ட வழிகள்தான் வேறு.

பம்பாயிலிருந்து லண்டனுக்கு

பாட்ரிஷியா ரொசாரியோ 1960-ல் பம்பாயில் ஒரு கோவா குடும்பத்தில் பிறந்தவர். நம்மைப் போலவே சொந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்ந்த குடும்பம். மேல்நாட்டுக் குரலிசையை முறையாகக் கற்க அவர் லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே தங்கப் பதக்கம் பெற்றார். பிறகு ஓபெராவிலும் கச்சேரி மேடையிலுமாக நீண்ட பயணம். 1989-ல் லண்டனில் முதலில் மேடையேறிய ஜான் காஸ்கனின் 'கோலெம்' ஓபெராவில் மிரியம் வேடம் ஏற்றார்.

அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஜான் டாவனர் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரால் வந்தது. 1997-ல் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் பாடப்பட்ட ஒரு பாடலால் உலகமெங்கும் அறியப்பட்டவர் இவர். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தவர். அந்தச் சபையின் பழைய வழிபாட்டுப் பாட்டில், நம்ம தம்புராவைப் போல ஒரே ஸ்வரம் அடியில் நின்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் குரல் வளைந்தும் நெளிந்தும் போகும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அப்படிப்பட்ட இசைக்கு ஓர் இந்தியப் பெண்ணின் குரல் பொருந்தியதில் வியப்பில்லை. 1992-ல் ஆல்ட்பரோ விழாவில் அரங்கேறிய டாவனரின் 'எகிப்து மரியாள்' ஓபெராவில் தலைமைப் பாத்திரம் ரொசாரியோவுடையது. அதன்பின் டாவனர் அவருடைய குரலை மனதில் வைத்தே பல படைப்புகளை எழுதினார். ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் கவிதைகளுக்கு, ஒரு சோப்ரானோவும் ஒரு செல்லோ வாத்தியமும் மட்டும் இசைக்கும்படி 1993-ல் அமைத்த பாடல்கள் அவற்றுள் ஒன்று. 2003-ல் லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் 'ஆலயத் திரை' என்ற படைப்பு இரவில் தொடங்கி விடியும்வரை நடந்தது. அதிலும் பாடியவர் ரொசாரியோ. விடிய விடியக் கூத்துப் பார்த்த நம்ம பாட்டன்மார்களுக்கு இந்தச் செய்தியைச் சொன்னால், "அங்கேயும் உண்டா?" என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

2001-ல் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருது தந்தது. லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

திரும்பி வந்த குரல்

என்னைப் பொறுத்தவரை, இந்த விருதுகளைவிடப் பெரிய செய்தி 2009-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் ரொசாரியோவும், பியானோ வாசிப்பவரான அவர் கணவர் மார்க் ட்ரூப்பும் சேர்ந்து 'கிவிங் வாய்ஸ் டு இந்தியா' என்ற பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தார்கள். இந்தியாவுக்குக் குரல் கொடுத்தல் என்று பொருள் கொள்ளலாம். லண்டனிலிருந்து இங்கே வந்து, இங்குள்ள இளம் பாடகர்களுக்கு மேல்நாட்டுக் குரற்பயிற்சி தருவதே திட்டம்.

இதன் அருமை சுரங்கத்து மக்களுக்குச் சொல்லாமலே புரியும். தங்கம் பூமிக்குள் இருந்தால் மட்டும் போதாது. சாரம் கட்டி, ஷாப்ட் இறக்கி, பாறையை உடைத்து, ஆலையில் அரைத்து எடுத்தால்தான் தங்கம். குரலும் அப்படித்தான். இந்தியாவில் குரல்கள் எப்போதும் இருந்தன, வெட்டி எடுக்கிற ஆசிரியர்தான் பக்கத்தில் இல்லை. ரொசாரியோவின் தலைமுறை கடல் கடந்து போயிற்று. அடுத்த தலைமுறைக்கு ஆசிரியரே வீட்டு வாசலுக்கு வந்தார்.

நம் ஊர் நிலை

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பிறகு மாரிகுப்பம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புவதே பல குடும்பங்களின் வாழ்க்கை ஆகிவிட்டது. மாலை வேளைப் பாட்டுப் பயிற்சிக்கு ஆள் சேர்வது குறைந்தது. இளசுகள் ஊரை விட்டே போனார்கள். பாடகர் குழுவில் ஒரு குரல் குறைந்தால் நாலு குரல் இசை மூன்றாகிவிடும். இந்த வருத்தம் என்னோடு பாடிய எல்லோருக்கும் உண்டு.

ஆனால் வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1987-ல் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக், நாம் தினமும் ரயிலில் போகும் அதே ஊரில் இருக்கிறது. 2008-ல் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியில் மேல்நாட்டுக் குரலிசையும் கற்றுத் தருகிறார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளை இந்தியாவிலேயே எழுதலாம். ரொசாரியோவின் இளமைக் காலத்தைவிட இன்றைக்கு வழிகள் அதிகம்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது சில. உச்சத்தில் பாடுகிற பிள்ளையை "கத்தாதே" என்று அடக்காதீர்கள். அதேசமயம், சின்ன வயதில் தொண்டையை வருத்திப் பாடவும் விடாதீர்கள். ஓபெராவுக்கான கனத்த பயிற்சியை, உடலும் குரலும் முதிரும் பதினாறு பதினேழு வயதுக்குப் பிறகே தொடங்குவது நல்லது. அதுவரை ஸ்வரஞானமும் தாளமும் மூச்சும் போதும். கர்நாடக இசை கற்றாலும் சரி, தேவாலயத்தில் பாடினாலும் சரி, அந்த அடிப்படை வீணாகாது. இது நம் பாட்டு, அது அவர்கள் பாட்டு என்ற பிரிவினையும் வேண்டாம். எகிப்து மரியாளைப் பாடியதால் ரொசாரியோ கோவாப் பெண் இல்லாமல் போய்விடவில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, பெங்களூரிலிருந்து ஒரு குரல் ஆசிரியரை மாரிகுப்பத்துக்கு அழைத்து வர ரயில் டிக்கெட்டும் ஒரு வேளைச் சாப்பாடும் சிறிய சன்மானமும் போதும். கூடம் நம்மிடம் இருக்கிறது, ஹார்மோனியம் இருக்கிறது, பாடப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்த மலருக்குள் அந்த முதல் வகுப்பு நடந்துவிட வேண்டும் என்பதே என் ஆசை.