ஆய்வுப் பணமும் அறுவடைக் காலமும்

புதிய நெல்லினங்களையும் பசளை அளவுகளையும் மரக்கறிப் பயிர்களின் பீடைக் கட்டுப்பாட்டு முறைகளையும் பரீட்சிக்கும் ஆய்வுகள் ஆராய்ச்சி நிலையங்களில் மட்டுமன்றிக் கமக்காரரின் சொந்த வயல்களிலும் நடைபெறுகின்றன. இவற்றிற்கென அரசாங்கமோ வேறு நிறுவனமோ குறித்த காலத்துக்குக் குறித்த தொகையை வழங்கும். திட்டத்தின் தலைமை ஆராய்ச்சி உத்தியோகத்தரிடம் இருப்பினும், வயலிலே அதனை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் கமக்காரர் அமைப்பின் தலைவரிடமே வந்து சேருகின்றது. அவர் கவனங் குறைந்தால், பிழையான முடிவை நம்பி அடுத்த போகத்தில் விதைத்து நட்டப்படுபவர் அயற் கமக்காரரே ஆவர்.

முதலில், எக்கேள்விக்கு விடை காணப் பணம் பெறப்பட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். 1960ஆம் ஆண்டில் போட், ரொக்பெல்லர் ஆகிய அறநிதியங்களின் உதவியுடன் பிலிப்பைன்ஸ் தேசத்தில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பசளை இட்டதும் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும் நெல்லுக்குப் பதிலாக, குட்டையான, தண்டு வலிய நெல்லை உண்டாக்குதலையே அதன் பணிப்பாளர் றொபேட் சாண்ட்லரும் அவரது உத்தியோகத்தரும் முதற் குறிக்கோளாகக் கொண்டனர். 1962இல் செய்யப்பட்ட 38 கலப்புகளுள் எட்டாவதிலிருந்து பெறப்பட்ட ஐ. ஆர். 8 என்னும் இனம் 1966இல் வெளியிடப்பட்டது. அதன் அரிசி தரத்திற் குறைந்தது, நோயெதிர்ப்பும் போதாது. அக்குறைகளைத் தீர்த்தல் பின்வந்த இனங்களுக்கு விடப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே திட்டத்திற் சாதிக்க முயன்றிருந்தால் நான்கு ஆண்டுகளில் அவ்வினம் கமக்காரர் கையை அடைந்திராது. நம் வயல்களிலோ ஒரே பாத்தியில் இனத்தையும் பசளையையும் களைநாசினியையும் ஒருங்கே மாற்றிவிட்டு, விளைச்சல் எதனாற் கூடியது எனப் பின்னர் தர்க்கிப்பதைக் காண்கிறோம்.

அடுத்தது பணம். இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் இடறுகின்றன. இலங்கை அரசாங்கத்தின் நிதியாண்டு சனவரி 1இல் தொடங்கித் திசெம்பர் 31இல் முடிவடையும். பெரும்போக நெல்லோ ஒற்றோபர், நவம்பர் மாதங்களில் விதைக்கப்பட்டு, பெப்புருவரி, மாச்சு மாதங்களில் அறுவடையாகின்றது. ஆகவே ஒரே பயிர் இரண்டு நிதியாண்டுகளில் நிற்கின்றது. அவ்வாண்டு ஒதுக்கீட்டிற் செலவாகாத பணம் திசெம்பர் முடிவுடன் காலாவதியாகும்; புதிய ஆண்டின் பணம் வந்துசேரச் சில வாரங்கள் செல்லலாம். நெல் முற்றிய பின்னர் அறுவடைக் கூலிக்குப் பணமில்லையெனின், பாத்திகளெல்லாம் ஒன்றாக அறுக்கப்பட்டு ஒரே சூட்டிற் குவிக்கப்படும். மூன்றரை மாத உழைப்பின் பயன் அன்றே அழிந்துவிடும்.

இதனைத் தவிர்ப்பதற்கு, நாட்காட்டியை அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எழுதுதல் நன்று. அறுவடைக்குரிய சாக்கு, பெயர்ச்சீட்டு, தராசு ஆகிய கெடாத பொருள்களைத் திசெம்பருக்கு முன்னரே வாங்கிவிடலாம். அறுவடை, சூடடிப்பு, ஏற்றிறக்கல் ஆகியவற்றின் கூலியை அடுத்த ஆண்டின் மதிப்பீட்டிற் சேர்க்குமாறு விதைப்புக்கு முன்னரே எழுத்து மூலங் கேட்டுக்கொள்க. விதைநெல்லைச் செத்தெம்பருக்குள் பெற்று முளைதிறன் பார்த்தல் அவசியம். மதிப்பீட்டில் மறக்கப்படும் செலவு ஒன்றுண்டு; அது பறவைக் காவல். வயதில் வேறுபட்ட இனங்களை அருகருகே விதைக்கும்போது, முந்தி முற்றும் பாத்தியிலேயே குருவிகள் அனைத்தும் இறங்கும். காவல் இல்லையெனின் நல்ல இனமும் தோற்றதாகவே கணக்கில் ஏறும். ஆண்டு முடிகிறதென்று தேவையற்ற பொருள்களை வாங்கிப் பணத்தைத் தீர்த்தலைச் சிலர் சாமர்த்தியமென எண்ணுகின்றனர். அதனிலும் மீதியைத் திருப்பி ஒப்படைத்தல் மேலானது.

வயலை வகுக்கையில், புதிய இனத்துடன் வழக்கமான இனத்தையும் கட்டாயம் விதைத்தல் வேண்டும். மடைக்கு அண்மையிலுள்ள நிலமும் கடைக்கோடி நிலமும் ஒரே வளமுடையன அல்ல. ஆதலால் ஒவ்வோர் இனத்தையும் மூன்று நான்கு இடங்களிலாவது இட்டு, எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தல் வேண்டும். நிறுக்கும்போது ஈரத்தையும் கவனிக்க. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 93 கிலோவாகும். ஒரு பாத்தியைப் பச்சையாகவும் மற்றையதைக் காய்ந்த பின்னரும் நிறுத்தால் இல்லாத வேற்றுமை தோன்றும்.

மிளகாய், கத்தரி, வெண்டி போன்றவற்றில் பல தடவை பறித்தல் நிகழ்வதால், ஒவ்வொரு பறிப்பையும் பாத்திவாரியாக நிறுத்து அன்றே எழுதுவதற்கு ஒருவரை நியமித்தல் வேண்டும். சந்தைக்குச் செல்லும் அவசரத்தில் ஒரு பறிப்புத் தவறினால், பின்னர் உத்தேசமாக நிரப்பாது, அவ்விடத்தை வெறுமையாக விட்டுக் காரணத்தை எழுதுக. வெள்ளத்தால் அழிந்த பாத்தியையும் அவ்வாறே பதிதல் வேண்டும். கொப்பியின் பிரதியொன்றை மாதந்தோறும் விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தல் பாதுகாப்பாகும்.

நிலம் கொடுத்தவருடன் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் இருத்தல் வேண்டும். விளைந்த நெல் யாருக்கு, ஆய்வுக்கென மருந்து விசிறாது விட்ட பாத்தி அழிந்தால் ஈடு எவ்வளவு, அதனை எவர் எப்போது கொடுப்பார் என்பன விதைப்புக்கு முன்னரே இரு பகுதியாரின் கையொப்பத்துடன் எழுதப்பட்டு, ஒரு பிரதி நிலச் சொந்தக்காரரிடமும் மற்றையது கமநல சேவை நிலையத்திலும் வைக்கப்படல் வேண்டும்.